தெருப் பக்க ஜன்னல்

“மாப்பிள்ளை, இதுல நான் போலீஸ்ல மாட்டின சைக்கிள் திருடன் மாதிரி இருக்கேன்!” கேமராவைத் தள்ளிவிட்டார் பெரெண்ட்.

நாளை அவருக்கு எண்பது. தெருவில் இருந்த பதினொரு வீட்டுக்கும் அழைப்பு போயிருந்தது. வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? நெதர்லாந்தின் அந்தச் சின்ன ஊரில் அவரோடு சண்டை போடாத ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

“பிளாஷ் நேரா முகத்துல அடிச்சா அப்படித்தான் மாமா,” என்றான் யோஸ்ட். ரோட்டர்டாம்காரன். கேமரா வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. “பிளாஷைக் கழட்டித் தனியா வெச்சு, பெரிய வெள்ளைத் துணியில அடிச்சுத் திருப்பணும். வெளிச்சம் வெண்ணெய் மாதிரி வந்து விழும். பின்சுவத்துல படுக்கை விரிப்பைக் கட்டட்டுமா?”

பெரெண்ட் தாடையைச் சொறிந்தார்.

“தெருப் பக்க ஜன்னல்ல கட்டு.”

“அங்க எதுக்கு மாமா?”

“படத்துக்கு உக்காரப்போறது நானா, நீயா?”

யோஸ்ட் விரிப்பை ஜன்னல் முழுக்க இழுத்துக் கட்டினான்.

சமையலறையில் மகள் ஹெர்மீன் பிறந்தநாள் கேக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பின்வாசலில் சூப் பானையோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டு யான்னா.

“பார்த்ததும் ஓடி வந்தேன் கண்ணு!” என்று ஹெர்மீனைக் கட்டிக்கொண்டாள். “எண்பது வயசுன்னா சும்மாவா? என் கோழியையெல்லாம் விரட்டுவாரு, ஆனா அவர் மாதிரி நேர்மையான மனுஷன் யாரு இருக்கா?”

அழைப்பைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்று ஹெர்மீனுக்கு ஒரே சந்தோஷம்.

பின்னாலேயே மறுபக்கத்து வீட்டு ஹென்ட்ரிக், கறுப்புக் கோட்டில். வேலித் தகராறில் அப்பாவோடு பதினாறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

“வேலி விஷயத்துல தப்பு என் மேலதாம்மா. அதை அவர்கிட்ட சொல்லியிருக்கணும்.”

“உள்ளதான் இருக்காரு, போய்ச் சொல்லுங்களேன்.”

“ஐயோ, இப்ப அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ ஒண்ணும் கவலைப்படாதே. பெட்டியைத் தூக்க நாங்க ஆறு பேர் தயாரா இருக்கோம்.”

“எந்தப் பெட்டியை?”

“சவப்பெட்டியைத்தான்! தெருப் பக்க ஜன்னல் முழுக்க வெள்ளைத் துணி தொங்குதே. சாவு வீட்டைத் தவிர வேற எங்கம்மா நம்ம ஊர்ல அப்படிக் கட்டுவாங்க?”

மாவுக் கையோடு உள்ளே ஓடினாள் ஹெர்மீன். “யோஸ்ட்! முதல்ல அந்தத் துணியை அவிழு!”

யோஸ்ட் பதறிப்போய் முடிச்சில் கை வைத்தான்.

அதுவரை சமையலறைக் கதவில் காதை ஒட்டிவைத்து நின்றிருந்த பெரெண்ட், கண்ணெல்லாம் ஈரமும் முகமெல்லாம் சிரிப்புமாக வந்து அவன் கையைப் பிடித்தார்.

“இரு மாப்பிள்ளை, அவசரப்படாதே. இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருக்கு.”