டென்னிஸ் வீராசாமிக்கு ஒரு திதி

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காலை வெயில் காவிரித் தண்ணீரில் கிடந்து மினுங்குகிறது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி கொடுக்க தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்திருக்கும் லோகினி மட்டும் ஈரப் படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். “கோத்திரம் என்னம்மா?” என்கிறார் சாஸ்திரிகள். “தெரியாதுங்க. பேரு வீராசாமி. டென்னிஸ் ஆடுவாரு.” “வீட்டுல பெரியவங்க யாரையாவது கேளுங்களேன்.” “நான் மட்டும்தாங்க இருக்கேன்.”

நூறு வருடங்களுக்கு முன்பு டர்பனில், இந்தியர் மைதானங்களில் வீராசாமியை ஜெயிக்க ஆளில்லை. வெள்ளையர் பந்தயங்களில் அவரைச் சேர்த்ததேயில்லை. இதைச் சொன்ன அம்மாவும் போய்விட்டாள். “பேரை மூணு தரம் சொல்லும்மா,” என்கிறார் சாஸ்திரிகள். முதல் முறை வாய்க்குள்ளேயே சொல்கிறாள். மூன்றாம் முறை, குளிப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். போதும் என்று சாஸ்திரிகள் கையமர்த்திய பிறகும், ஆற்றைப் பார்த்து இன்னொரு முறை சொல்கிறாள்.