நாற்பத்தோராவது கேள்வி

"அந்தப் பொண்ணப் பாத்தியா? லட்ச ரூபா கட்டி சிங்கப்பூருக்கு இட்டாந்தா, போன நோண்டிக்கினு நிக்குது."

வீரமணி தன் மனைவி கோகிலவாணியின் காதில்தான் சொன்னார். தினமும் மலைப் பஸ் பிடித்துப் போய், பதினெட்டு வருஷமாக அரசுப் பள்ளியில் கத்திப் பழகிய தொண்டை. அருங்காட்சியகம் முழுக்கக் கேட்டது.

அவர் மகன் இளமாறன் போனைத் தொடவில்லை. தொட முடியாது. கையில் நோட்டு இருந்தது. கள்ளக்குறிச்சியில் அவன் படிக்கும் தனியார் பள்ளியில் 'கல்விச் சுற்றுலா' என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கியிருந்தார் வீரமணி. வெளிநாட்டில் பிள்ளையின் கவனம் சிதறாமலிருக்க அவரே கண்டுபிடித்த வழி: இடத்துக்கு நாற்பது கேள்வி. நாற்பதுக்கும் பதில் எழுதினால்தான் ஐஸ்கிரீம்.

நேற்று பறவைப் பூங்காவில் நாற்பதையும் முடித்துவிட்டான். பறவையைப் பார்த்தானா என்பது கேள்வியில் இல்லை.

இப்போது எதிரே, கூரையை முட்டும் உயரத்தில் டைனோசர் எலும்புக்கூடு.

"நீளம் எவ்ளோ?"

"போர்டுலயே இருக்குதுப்பா."

"அத நோட்டுல எழுது."

"அதான் போர்டுல இருக்குதே, அப்புறம் எதுக்கு..."

"எழுதுடா!"

எழுதினான். போர்டு அந்தப் பக்கம் இருந்ததால், டைனோசருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினான்.

கோகிலவாணி போனை எடுத்தாள். "மூணு பேரும் இதுகிட்ட நிக்கறா மாதிரி ஒரு ஸ்டேட்டஸ் வெச்சிக்கிறேங்க."

"ஸ்டேட்டஸ் கீட்டஸ்லாம் வாணாம். ஊருக்குப் போற வரைக்கும் ஒரு போட்டோ வெளிய போவக் கூடாது. நாம கத்துக்க வந்திருக்கோம், பீத்திக்க வரல."

போனோடு நின்ற பெண் பாயிஸா. பன்னிரண்டு வயசு. கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பாரின் மகள். ஒரே டிராவல்ஸில் வந்தவர்கள். விமானம் ஏறிய பிறகுதான் பழக்கம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, டைனோசர் வாலுக்குக் கீழே குனிகிறாள், தரையில் குப்புறப் படுக்கிறாள், தனக்குத் தானே சிரிக்கிறாள்.

"ரீல்ஸு," என்றார் வீரமணி, நோய்க்குப் பெயர் சொல்லும் டாக்டர் மாதிரி.

ஜப்பார் பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வீரமணி போய் முன்னால் நின்றார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைய இப்படி வுடக் கூடாது. என் பையனப் பாருங்க. முப்பத்தேழாவது கேள்விக்கு வந்துட்டான்."

ஜப்பார் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க சார்?"

முப்பத்தேழாவது கேள்வி தரையில் கிடந்தது. பையன் பாயிஸாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, "பதினொண்ணு... பன்னெண்டு... ஏய், அந்தச் சின்ன எலும்ப வுட்டுட்ட!" என்று எண்ணிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டு வேறு இருந்தான். சிங்கப்பூர் வந்து ஐந்து நாளில் இதுதான் முதல் சிரிப்பு.

பதினெட்டு வருஷ அனுபவம் சும்மா விடுமா? நேரே போனார்.

"இன்னாம்மா இது? நீ கெட்டது போதாதுன்னு இவனையும் கெடுக்கறியா? குடு அந்த போன!"

பாயிஸா பதறி எழுந்து, இயர்போனைக் கழற்றினாள்.

"சார், ஒரு நிமிஷம் சார்! வீடியோ கால் சார். கல்வராயன் மலையில அத்தா கடைக்குக் கடுக்கா வாங்கப் போற ஊரு சார் இது. என் பிரெண்டு தமிழ்மொழி அங்க அஞ்சாவது படிக்கிறா. மொத்தமே ரெண்டு பேரு பாடம் நடத்தற ஸ்கூலு. அதுலயும் அவங்க சாருக்கு ஒரு வாரமா ஜொரமாம், லீவாம். பசங்க சும்மா உக்காந்துகினு இருக்குதுன்னு டீச்சர்தான் இதெல்லாம் காட்டச் சொன்னாங்க. எலும்பு எத்தினின்னு அவங்கதான் எண்ணச் சொல்..."

அவள் முடிப்பதற்குள் போன் வீரமணியின் கைக்கு வந்துவிட்டது. கேட்டு வாங்கிப் பழகாத கை. பிடுங்கிய வேகத்தில் இயர்போன் ஒயர் கழன்று விழுந்தது. விரல் எங்கேயோ பட்டு, டைனோசரைக் காட்டிக்கொண்டிருந்த கேமரா அவர் முகத்துக்குத் திரும்பிக்கொண்டது.

திரை நிறைய முண்டியடிக்கும் முகங்கள். ஒவ்வொன்றின் பெயரும் அவருக்குத் தெரியும்.

"ஐ... நம்ம சாரு!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையிலிருந்து தமிழ்மொழி போனுக்கு நெருங்கி வந்தாள்.

"சார், ஜொரம் வுட்டுடுச்சா சார்? உங்களுக்குச் சீக்கிரம் நல்லாவணும்னு தெனமும் பிரேயர்ல வேண்டிக்கினு இருக்கோம் சார்!"