மூலையில் ஒரு விரல்

“ஷார்ட்ஸ் போட்ட படம் எதுவும் இன்ஸ்டாவுல இருக்கக் கூடாதும்மா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எங்க காலேஜ் ரூல் அது” என்று அணித் தேர்வு நாளில் கபடி கோச் சொன்னார்.

“அப்ப புடவை கட்டிக்கிட்டா சார் ரெய்டு போறது?” என்று கேட்டாள் பூவிழி. கேட்டுவிட்டு, சீட்டுக்காக எல்லாவற்றையும் அழித்தாள். அவள் கபடி ஆடும்போது அம்மா எடுத்த படத்தையும்தான். அதன் மூலையில் அம்மாவின் விரல் மங்கலாக விழுந்திருந்தது.

அவள் சேர்ந்ததும், கோச் முன்பே சேமித்து வைத்திருந்த அதே படம் கல்லூரியின் இன்ஸ்டா பக்கத்தில் அட்மிஷன் விளம்பரமாக வந்தது. அதே ஷார்ட்ஸ். விரல் இருந்த மூலையில் ஒட்டிய பிரின்சிபால் முகம் சிரித்தது. சீட்டு போய்விடுமோ என்று பயந்து பூவிழி ஒரு வருடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கோப்பை வென்ற அன்று, புது விளம்பரத்துக்கு நிற்கச் சொன்னார் கோச். பூவிழி அசையவில்லை.

“முதல்ல அந்தப் பழைய படத்தை அழிங்க சார். இல்லன்னா பிரின்சிபால் முகத்தை எடுத்துட்டு, எங்கம்மா விரலைத் திரும்ப வைங்க.”