ஒரு கண்ணுக்குத்தான் இடம்

புது டிஜிட்டல் நுண்ணோக்கி வந்தபின் மருத்துவமனை ஆய்வகத்தில் ஞானசெல்விக்குக் கழுத்து வலி போயிற்று. கண்ணாடிச் சில்லில் இருப்பதை அறையில் உள்ள எல்லோரும் திரையில் பார்க்கலாம். அன்று மில் மேற்பார்வையாளர், கையில் வெளிறிய தேமலோடிருந்த சுடலியையும் அவளோடு வேலை செய்யும் நான்கு பெண்களையும் அழைத்து வந்திருந்தார்.

“தொழுநோயான்னு திரையில போடுங்க மேடம், இவளுகளும் பார்க்கட்டும். இருந்தா இன்னைக்கே விடுதியைக் காலி பண்ணணும்.”

சுடலி தலை நிமிரவில்லை.

ஞானசெல்வி திரையை அணைத்தாள். அலமாரியிலிருந்து பழைய நுண்ணோக்கியை இறக்கி ஜன்னலோரம் வைத்து, சுடலியின் தேமலில் சுரண்டி எடுத்த சில்லை அதில் பொருத்தினாள்.

“என்ன மேடம், காயலான் கடைச் சாமானை எடுக்கிறீங்க?”

“இதுல ஒரு கண்ணுக்குத்தான் சார் இடம்.”

மனதுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, திருகை மெல்லத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன தெரியுது?”

அவள் எழுந்து முக்காலியைச் சுடலிக்கு நகர்த்தினாள். “நீ பாரும்மா. என்னன்னு உன் காதுல சொல்றேன். மத்தவங்களுக்குச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்.”

“யாரைக் கேட்டு இப்படி...” மேற்பார்வையாளர் ஓரடி முன்னால் வைத்தார்.

சுடலி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். ஞானசெல்வி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.