ஆஷாவுக்குப் பிடித்த இடங்கள்

மாடிச் சுவரில் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு இறங்கி வந்த என் மனைவி லலிதாம்பாள், "ஆஷாவுக்குப் போன் போடுங்கோ" என்றாள்.

வேண்டுகோள் மாதிரி இல்லை.

எங்கள் பெண் ஆஷா லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவு ஊரில் வங்கி அதிகாரி. போய் மூன்று மாதம் ஆகிறது. மாற்றல் கேட்டு எழுதிக்கொடுக்க இன்றுதான் கடைசி நாள். திரும்பி வா என்று அம்மா வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், எழுதிக்கொடுத்துவிடுவாள். அம்மா பேச்சை அவள் தட்டியது ஒரே ஒரு முறை, அந்தத் தீவுக்குக் கப்பல் ஏறியபோது.

அவள் அங்கேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. கரமனையில் எங்கள் வீட்டில் அந்தக் கட்சிக்கு ஒரு ஓட்டுதான்.

அம்மாவிடம் பேசினால் "எப்போ வரே?" என்பாளே என்று ஆஷா என் போனில்தான் கூப்பிடுவாள். சாப்பிட்டாச்சு, சௌக்கியம். இரண்டே வார்த்தை. இதைக் கொண்டுபோய் ஒரு தாயாரிடம் நீட்ட முடியுமா? மிச்சத்தை நான் சொல்லிவந்தேன்.

அந்தத் தீவை நான் பார்த்ததில்லை. அது ஒரு தடையாக இருக்கவில்லை.

ஆஷாவுக்கு முதலில் பிடித்துப்போனது படகுத்துறை. காய்கறிக் கப்பல் வரும் நாளில் ஊரே அங்கே நிற்கும். முதல் முருங்கைக்காய் வங்கி அதிகாரிக்கு என்பது அங்கே சட்டம்.

அடுத்தது கலங்கரை விளக்கம். மேகமில்லாத காலையில் மேலே ஏறி நின்றால் கடல் தாண்டி எங்கள் கரமனைப் பாலம் தெரியும். ஒரு நாள் அவள் அங்கிருந்து கை காட்டினாள். நான் பாலத்தில் நின்று பதிலுக்குக் காட்டினேன். கிழக்கேகோட்டை பஸ்ஸில் போனவர்களும் நாலு பேர் காட்டினார்கள்.

இரண்டுக்கும் லலிதாம்பாள் "உம்" என்றாள். வறட்டு உம்.

மூன்றாவது, குவார்ட்டர்ஸின் பின்சுவர். அங்கே ஆஷா தினமும் சாப்பிடுமுன் காக்கைக்குச் சாதம் வைக்கிறாள். ஒற்றைக்கால் காக்கை. வங்கி விடுமுறை நாட்களில் அதுவும் தாமதமாகத்தான் வரும்.

லலிதாம்பாள் கரைந்துபோனாள். அன்றிலிருந்து தினமும் காக்கையின் க்ஷேமம் விசாரிப்பாள். நானும் அதற்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்து, இரண்டு குஞ்சும் பொரிக்கவைத்தேன்.

இன்று நான் போட்ட போன் மணி அடித்து, ஆஷா "ஹலோ" என்றதுமே, லலிதாம்பாள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஏண்டீ ஆஷா, காக்காய்க்கு வெச்சியோ?"

காக்கையைப் பற்றி ஆஷாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

நான் எட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

"வெச்சேம்மா. ரசஞ்சாதம். மூஞ்சியத் திருப்பிண்டு போயிடுத்து, கேட்டோ."

என் பெண் அல்லவா!

"காக்காய்க்கு யாராவது ரசஞ்சாதம் வெப்பாளோ? அசடு! பருப்பும் நெய்யும் வெய்யிடீ!"

அந்தப் பக்கம் ஆஷா சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தாள்.

லலிதாம்பாள் அது அடங்கும்வரை போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. வெச்சுடறேன். ஒடம்பப் பாத்துக்கோ."

அவ்வளவுதான். மாற்றல் பேச்சையே எடுக்கவில்லை.

"சொல்ல மறந்துட்டியே?" என்றேன். என் கட்சிக்கே விரோதமான கேள்விதான். வாய் கேட்டுவிட்டது.

"அடுத்தாத்து ஓமனாவோட தம்பி ஷாஜி அங்கே நாலு வருஷம் வேலை பாத்தவன். அந்தத் தீவுல காக்காயே கெடையாதாம். போன மாசமே ஓமனா சொல்லிட்டா."

காக்கையின் இரண்டு குஞ்சுகளையும் அப்போதே பறக்கவிட்டேன்.

"நெஜமா சிரிச்சாளே, கேட்டேளா?" என்றாள் லலிதாம்பாள். புடவைத் தலைப்பால் போனைத் துடைத்து என்னிடம் தந்தாள்.

கேட்டேன்.

ஆஷா விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, எட்டு மாதம் எங்களோடு இந்த வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள்கூட அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.