அரிசியளவு வெள்ளி

வெள்ளியைச் சூடான அரக்கில் பதித்து, அசையாமல் நிறுத்திக்கொண்டுதான் பத்தர் உளியால் பூ வெட்டுவார். இன்று அதற்கு வழியில்லை.

“கொடி கோணுதே பத்தரே!” என்றாள், கணவரோடு வந்திருந்த பெண்.

“ஆடுதும்மா. உளி வழுக்கினா ரத்தம்தான்.”

“எங்க அண்ணன் தங்கம் கட்டினதுக்கு அண்ணி பண்ற அலட்டல் தாங்கல. தங்கம் இருந்தா போதுமா, பூ வேணாமா?”

“அதுக்காக அரிசியளவு இடத்துலயா?”

“இவரே சரின்னுட்டாரு. என்னங்க?”

“ஆ,” என்றார் கணவர்.

பத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி இதழையும் வெட்டி முடித்தார். நல்லவேளை, ரத்தமில்லை.

“முடிஞ்சுது சார். வாயை மூடிக்குங்க.”

வெள்ளிப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்த கணவருக்கு ஒரே பூரிப்பு.

“பக்கத்துல நாலு நல்ல பல்லு சும்மாதான் இருக்கு. பிடுங்கிட்டு வெள்ளி கட்டிக்கிட்டு வர்றேன், மயில் வெட்டுவீங்களா?”