முந்நூற்றறுபது பாகை

பாதைப் படகு கிண்ணியாத் துறையை விட்டுக் கிளம்பியதுமே றம்ஸியா புத்தகத்தை விரித்துவிட்டாள்.

“தாஜ்மஹாலைக் கட்டினது ஆரு?”

“அக்பர்,” என்றான் அவள் கணவன் அஸீம், துளியும் தயங்காமல்.

“ஐயோ, ஷாஜஹான்! ஈபிள் கோபுரம் எங்க இருக்கு?”

“லண்டன்ல.”

“பாரிஸ்ல! முக்கோணத்துட மூணு கோணத்தையும் கூட்டினா?”

“முந்நூற்றறுபது பாகை.”

“நூற்றெண்பது! அல்லாஹ்வே, இந்த முறை தவறினா வயசெல்லை தாண்டிரும். விளங்குதா?”

படகே சிரித்தது. பக்கத்தில் இருந்த காசிநாதருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றைய அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கான சோதனைக்கு மேற்பார்வையாளர் அவர். இந்தப் பிள்ளை மண்டபத்துக்குள் வந்து என்னத்தை எழுதப்போகிறானோ என்று தனக்குள் முணுமுணுத்தார்.

மண்டப வாசலில் அஸீம் பேனையையும் அனுமதி அட்டையையும் எடுத்து றம்ஸியாவின் கையில் கொடுத்தான்.

காசிநாதர் திகைத்துப்போனார். “தம்பி, சோதனை உமக்கில்லையோ?”

“எனக்கென்னத்துக்கு சேர்? நான் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தி.”

“கணக்கு வாத்தியோ! அப்ப அந்த முந்நூற்றறுபது?”

“சும்மா படிச்சா அவக்கு மறந்துபோகும் சேர். என்ட பிழையைத் திருத்தினா மட்டும் ஆயுசுக்கும் மறக்காது.”

படியேறிய றம்ஸியா திரும்பிப் பார்த்தாள். “பேனைக்கு மை விட்டீங்களா?”

“இல்லையே!”

“பொய்! காலையில நிரப்பினீங்க,” என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.